இருப்புப் பாதையில் சொற்பஞ்சமா?

ரயில் என்பதா, இரயில் என்பதா, புகைவண்டி என்பதா, தொடர்வண்டி என்பதா? தமிழர் நால்வர் கூடுமிடத்தில் இவ்வழக்கு எழாமற் போவதில்லை. சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ரகரம் மொழிக்கு முதலில் வாராது, ஆதலின் இகரமிட்டு எழுதுக" என்பார். மற்றொருவர், "புகையே காணாத காலத்தில் புகைவண்டி ஏது?" என்று நகைப்பார். மூன்றாமவர் தொடர்வண்டிக்காக மன்றாடுவார். நான்காமவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்; அவருக்கு லோணாவளா செல்லும் வண்டியைப் பிடித்தாக வேண்டும். அவ்வண்டியை அவர் 'லோக்கல்' என்பார். வழக்கு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படும்.

இவ்வழக்கைத் தள்ளுபடி செய்யுமாறு கோருகின்றோம். வழக்காடுவோரின் தமிழ்ப்பற்றை ஐயுறுவதற்காக அன்று. அப்பற்று தவறான வாயிலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டுவதற்காகவே. உடம்பை மெய் என்பதா, யாக்கை என்பதா என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய ஒருவர், கைக்கும் காலுக்கும் மூக்குக்கும் பெயர் கேட்டால் விழிப்பாரானால் அவரை என்னென்போம்? வண்டியின் பெயருக்காக நூறாண்டு சண்டையிட்ட நாம், அவ்வண்டியின் உறுப்புகளில் பத்துக்கேனும் தமிழில் பெயர் சொல்வோமா? தண்டவாளத்திற்குச் சொல்வோம். அதன் கீழே குறுக்கே கிடப்பதற்கு? இரு தண்டவாளங்களைத் தலையோடு தலை சேர்த்துப் பிடித்திருப்பதற்கு? ஒரு தடத்தினின்று வண்டியை மறு தடத்திற்குத் திருப்பிவிடும் அந்த அசையும் நாவுக்கு? பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் கட்டுக்கு? இங்கே நம் வாய் அடைத்துப் போகின்றது. அல்லது ஆங்கிலம் பேசுகின்றது.

தளேகாவ் நிலையத்து நடைமேடையில் நின்று இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். நம்முள் பலர் நாள்தோறும் ஏறி இறங்கும் இடம் அது. மராத்தியில் 'தளே' என்றால் குளம். 'காவ்' என்றால் ஊர். நம் நாட்டில் இருந்திருந்தால் குளத்தூர் என்று வழங்கியிருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதினால் ளகரம் லகரமாகிவிடும் இவ்வூரின் பெயரைப் பிழையின்றி எழுத வல்ல எழுத்து நம்மிடம் இருக்கிறது. இதில் சிறிது பெருமை கொள்வதில் தவறில்லை.

கண்டாலாவிலிருந்து இவ்வூர் வழியே புணே வரை இருப்புப் பாதை திறக்கப்பெற்றது 1858-இல். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னகத்தின் முதற் பயணிகள் வண்டி ஓடியது 1856-இல். ஆக, மராத்தியரும் தமிழரும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் இப்புதுப் பொருளைக் கண்டு வியந்தனர். அக்காலத்து மராத்தியர் என்ன செய்தனர் என்பதைக் காண்க. நெருப்பு உண்டு ஓடுவதைக் கண்டு அதற்கு 'ஆககாடி', அதாவது நெருப்பு வண்டி, என்று பெயரிட்டனர். தண்டவாளத்தை 'ரூள்' என்றனர். பெட்டியை 'டபா' என்றனர். நிலையம் 'ஸ்தானக்' ஆயிற்று. தடம் மாற்றும் இடத்தைப் 'ஸாந்தா', பொருத்து, என்றனர். அதனை இயக்குபவர் 'ஸாந்தேவாலா' ஆனார். பிளாட்ஃபாரம் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தம் நாவில் இட்டு மென்று 'பலாட்' என்று துப்பினர். இருப்புப் பாதைக் காவலருக்கு இன்றும் 'லோகமார்க்' காவலர் என்றே பெயர். லோகம் என்றால் இரும்பு, மார்க் என்றால் வழி.

இவற்றுள் தூய சொல்லும் உண்டு, கலப்புச் சொல்லும் உண்டு, ஆங்கிலத்தின் சிதைவும் உண்டு. இச்சொற்களைக் கூடத்தில் அமர்ந்து ஒரு குழுவினர் இயற்றித் தந்ததாகத் தோன்றவில்லை. வண்டியோடு உழன்ற மக்களின் வாயில் பிறந்தமை அவற்றின் முகத்திலேயே எழுதியிருக்கின்றது. அண்டை வீட்டாரைப் பாராட்டிக் கூறினும் மிகையாகக் கூறுதல் வேண்டா. இன்றைய புணே இளைஞர் பலாட் என்பதைக் காட்டிலும் பிளாட்ஃபார்ம் என்பதையே மிகுதியும் சொல்கின்றனர். எனினும் பலாட் என்று ஒரு பாட்டி சொன்னால் அவளைப் பார்த்து நகைக்கும் பேரன் இங்கு இல்லை. நம் வீட்டில்?

நம் வீட்டில் அவ்வாறன்று. சிலிப்பர் கட்டை என்று ஒருவர் சொன்னால், "அது கொச்சை" என்போம். கைகாட்டி என்று சொன்னால், "பட்டிக்காட்டு வழக்கு" என்போம். ஈண்டுதான் நம் குற்றச்சாட்டின் உயிர்நிலை இருக்கிறது. தமிழில் இருப்புப் பாதைக்குரிய சொற்கள் இல்லாமையன்று நம் குறை. உழைப்போர் வாயில் பிறந்த சொற்களைச் சொல் என்றே ஒப்புக்கொள்ளாத படிப்பாளியின் செருக்குத்தான் குறை.

கைகாட்டி என்னும் சொல்லைச் சற்றே ஆராய்க. உயர்ந்த கம்பத்தின் உச்சியில் ஒரு நீண்ட பலகை. அது தாழ்ந்தால் வரலாம், நிமிர்ந்து நீட்டினால் நில். கண்டவன் கையைக் காட்டுவதாகக் கண்டான், கைகாட்டி என்றான். இதனினும் சிறந்த ஒரு சொல்லைப் பல்கலைக்கழகம் ஒன்று பத்தாண்டு முயன்றாலும் ஆக்கித் தந்துவிடுமா? தண்டவாளம் என்பதோ, பழைய அகராதிகள் இரும்பு வகையொன்றின் பெயராகக் குறிக்கும் சொல். வண்டி வந்ததும் மக்கள் அதனை எடுத்துப் பாதையின்மேல் கிடத்திவிட்டனர். கிடத்தியதோடு நில்லாது, ஒருவரது வண்டவாளம் தண்டவாளம் ஏறிய கதையையும் சொல்லத் தொடங்கினர். ஒரு கலைச்சொல் பழமொழிக்குள் குடியேறிவிட்டதென்றால் அதற்கு மேல் எந்தக் குழுவின் முத்திரை அதற்கு வேண்டும்? தடம் புரளுதல் என்பதும் அத்தகையதே. வண்டிக்கென வழங்கிய சொல், இன்று அரசியலுக்கும் இல்லறத்திற்கும் கூடப் பயன்படுகின்றது.

"ஆயின், உலகமெல்லாம் ஆங்கிலச் சொல்லை ஒப்புக்கொண்டிருக்க, நாம் மட்டும் ஏன் தனித்து நிற்க வேண்டும்?" என வினவுவோர் உளர். இவர்கள் பெரும்பாலும் பொறியியல் கற்றவர். ஆதலின் இவர்களுக்கு விடை சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். உலகம் அவ்வாறு ஒப்புக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரரும் செருமானியரும் இருப்புப் பாதையைத் தத்தம் மொழியில் இரும்பு வழி என்றே சொல்கின்றனர். சீனர் மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் மின்னாற்றலால் ஓடும் வண்டியையும் நெருப்பு வண்டி என்னும் பழம்பெயர்க் குடும்பத்திலேயே வைத்திருக்கின்றனர். புகையில்லாத வண்டியைப் புகைவண்டி என்னலாமா என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதைக் கேட்டால் அவர்கள் சிரிப்பர். அதுவும் நிற்க. ஆங்கிலம் பேசுவோரேனும் தமக்குள் ஒன்றுபட்டனரா? தண்டவாளத்தின் கீழே குறுக்கே கிடப்பதை இங்கிலாந்தார் ஸ்லீப்பர் என்பர். அமெரிக்கர் டை என்பர். தடம் மாற்றும் அமைப்பு அங்கே பாயின்ட்ஸ், இங்கே ஸ்விட்ச். சக்கரக் கட்டு இலண்டனில் போகி, நியூயார்க்கில் டிரக். கார்டு வண்டி ஒருவருக்குப் பிரேக் வேன், மற்றவருக்குக் கபூஸ். கடல் ஒன்று குறுக்கிட்டதனால் ஒரே மொழியினர் தம் பொருளுக்கு வெவ்வேறு பெயரிட்டுக்கொண்டனர். இரு நாட்டிலும் வண்டிகள் செவ்வனே ஓடுகின்றன. வேறு மொழியினராகிய நாம் பெயரிட்டுக்கொண்டால் மட்டும் வண்டி கவிழ்ந்துவிடுமோ?

இனி, அந்த ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கேளுங்கள். அவற்றை ஆக்கியோர் புலவர் அல்லர். இருப்புப் பாதைக்குத் தந்தையெனப் போற்றப்படும் ஜார்ஜ் ஸ்டீவன்சன் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன்; பதினெட்டு வயதளவும் எழுதப் படிக்க அறியாதவர். சுரங்கத்தாரும் வண்டிக்காரரும் கப்பல் தச்சருமே இருப்புப் பாதையின் மொழியைப் படைத்தனர். தடத்தில் கொட்டும் சல்லிக்கு இட்ட பேலஸ்ட் என்னும் பெயர், கப்பல் நிலைகுலையாதிருக்க அதன் அடியில் ஏற்றும் கல்லையும் மண்ணையும் குறித்த சொல். போகி, வட இங்கிலாந்தின் பேச்சுவழக்கில் ஒரு தாழ்ந்த தள்ளுவண்டி. பயணச்சீட்டுப் பதிவைப் புக்கிங் என்பது, குதிரைவண்டிக் காலத்தில் பயணியின் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட வழக்கத்தின் எச்சம். இரு தடங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அமைந்த துண்டைத் தவளை என்றனர். அது குளத்துத் தவளையன்று, குதிரைக் குளம்பின் அடியிலுள்ள தசைக்கு லாடம் அடிப்போர் இட்ட பெயர் என்பர். இவையனைத்தும் பிறந்தபோது கொச்சைகளே. இங்கிலாந்துப் பேராசிரியர் எவரும் அவற்றைத் தடுக்கவில்லை. அதனால் அவை கலைச்சொற்கள் ஆயின. அக்கொச்சைகளையே இன்று நாம் அறிவியல் என்று தலைமேற் கொள்கின்றோம். நம் கொச்சைகளைக் காலால் தள்ளுகின்றோம்!

இப்பிறப்பு வரலாறு அறியாது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் செய்யும் கேடு ஒன்றையும் காட்டுவோம். இரு தண்டவாளங்களின் முனைகளை இருபுறமும் அணைத்து முடுக்கும் இரும்புத் தகட்டுக்கு ஆங்கிலத்தில் ஃபிஷ் பிளேட் என்று பெயர். அகராதியை மட்டும் நம்பியவன் அதனை மீன் தகடு என்றே எழுதுவான். மீனுக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. பாய்மரம் பிளந்துவிட்டால் மாலுமிகள் ஒரு மரப்பட்டையை அதன்மேல் அணைத்துக் கட்டுவர்; அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஃபிஷ். வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் என்பார் தண்டவாளப் பொருத்துக்கு இத்தகட்டினைக் கண்டபோது மாலுமியின் சொல் தண்டவாளத்திற்கு வந்தது. இப்போது நம் நாட்டு எலும்பு வைத்தியரிடம் செல்லுங்கள். முறிந்த எலும்பின் இருமருங்கும் மூங்கில் வைத்து அணைத்துக் கட்டுகின்றார். அம்மூங்கிலுக்குச் சிம்பு என்று பெயர். பாய்மரத்திற்கு மாலுமி செய்ததும், எலும்புக்கு வைத்தியர் செய்வதும், தண்டவாளத்திற்கு ஆடம்ஸ் செய்ததும் ஒரே தொழில். சிம்புத் தகடு என்றால் என்ன குறை? அது பொருளையும் சொல்கின்றது. நம் ஊர் மணத்தையும் சுமக்கின்றது. நீண்ட தண்டவாளங்களைப் பற்றவைத்து ஒன்றாக்கும் முறை பரவியபின் இத்தகடுகள் அருகி வருகின்றன; பழைய பயணங்களில் நம்மைத் தாலாட்டிய அந்தத் தடதட ஓசையும் அவற்றோடு குறைந்து போயிற்று. பொருளே மறையுமுன் பெயரையேனும் பதிந்துவைப்போம்.

போகி என்னும் சொல்லுக்கு நாம் இழைத்திருக்கும் தீங்கு இதனினும் பெரிது. நாளிதழ்களிலும் பேச்சிலும் போகி என்றால் பெட்டி. "பத்துப் போகிகள் கவிழ்ந்தன" என்று படிக்கின்றோம். பொறியாளருக்கோ போகி என்பது பெட்டியன்று. பெட்டியைத் தாங்கும் கட்டு. ஒரு பெட்டிக்கு இரண்டு போகிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள். ஆக எட்டுச் சக்கரங்களின்மேல் பெட்டி அமர்ந்திருக்கின்றது. அச்சுகள் அடிச்சட்டத்தில் நேரே பொருத்தப்பட்ட பழைய பெட்டிகளினின்று வேறுபடுத்துதற்காக, இவ்வகையைப் போகிப் பெட்டி என்றனர். நாளடைவில் பெட்டி தேய்ந்து போகி நின்றது. நமக்கோ பெட்டி என்னும் அருமையான சொல் முன்பே இருந்தது. அதனை விட்டுவிட்டு, வேறொன்றின் பெயரைப் பெட்டிக்குச் சூட்டி, அந்த வேறொன்றைப் பெயரற்றதாக்கிவிட்டோம்.

இதில் வெட்கப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெட்டி செய்யும் தொழிலில் உலகறிந்த ஊர் நம் பெரம்பூர். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நேரு தொடங்கிவைத்த அத்தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நிறுவனமொன்றின் வடிவைக் கொண்டு வேலையைத் தொடங்கிப் பல்லாயிரம் பெட்டிகளை நாட்டுக்கு ஈந்தது. அவ்வடிவிலான பெட்டிகளின் ஆக்கம் 2018-இல் அங்கே முடிவுற்றது. அதே ஆண்டில் வந்தே பாரத் என்று பின்னர் பெயர் பெற்ற வண்டியும் அங்கேயே உருவாயிற்று. பொறியியல் நூல்களில் ஐ.சி.எஃப். போகி என்பது தனியொரு வகையாகவே பேசப்படுகின்றது. தமிழர் கையால் உருவாகித் தமிழகத்து ஊரொன்றின் தொழிற்சாலைப் பெயரைத் தாங்கி நாடெங்கும் உருண்ட அப்பொருளைத் தமிழில் எழுத முற்படுவோன் 'ஐ.சி.எஃப். பெட்டி' என்று எழுதினால் பொருள் கெட்டது. போகி என்றே விட்டால் படிப்போன் பெட்டி என்று கொள்வான். சக்கரக் கட்டு என்று நாம் முன்மொழிகின்றோம். மாட்டுவண்டி செய்த தச்சரிடம் கேட்டால் இதனினும் நல்ல சொல் கிடைக்கலாம். அச்சு, இருசு, குடம், ஆரக்கால், கடையாணி என்று சக்கரத்தின் அங்கம் ஒவ்வொன்றிற்கும் பெயர் வைத்திருந்த இனத்திற்கு இதுவா அரிது?

"பெயர்தானே! எப்படிச் சொன்னால் என்ன?" என்று கேட்போர்க்கு, அண்மை ஆண்டுகளின் துயரங்களையே விடையாகத் தருகின்றோம்.

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் கடலூர் மாவட்டத்துச் செம்மங்குப்பத்தில், திறந்திருந்த கேட்டின் ஊடே சென்ற பள்ளி ஊர்தியின்மீது வண்டி மோதி மாணவர் மூவர் மாண்டனர். மறுநாள் நாளிதழ்களெல்லாம் 'இன்டர்லாக்கிங் இல்லாத கேட்' என்று எழுதின. எழுதினவே அன்றி, அது யாது? கேட் மூடிப் பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டி வழிவிடாது. கைகாட்டி வழிவிட்டபின் கேட்டைத் திறக்க இயலாது. ஒன்றன் கழுத்தில் மற்றொன்றின் கயிறு. மனிதன் மறந்தாலும் பொறி மறவாத ஏற்பாடு அது. அவ்வேற்பாடு இல்லாத இடத்தில், நிலைய அதிகாரிக்கும் கேட் காப்பாளருக்கும் இடையே நிகழும் தொலைபேசிச் சொல்லையே நம்பி ஊரார் கடக்கின்றனர். நம் ஊர்க் கேட் எவ்வகையைச் சேர்ந்தது என்று வினவும் உரிமை அங்கு வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் வினவுவதற்குச் சொல் வேண்டுமே! 'பிணைப்பூட்டு உள்ள கடவையா, இல்லாத கடவையா?' என்று ஓர் ஊராட்சித் தலைவர் மனு எழுதலாம். ஒரு தாய் கேட்கலாம். இன்டர்லாக்கிங் என்னும் சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எதைக் கேட்பர்?

கடவை என்று மேலே எழுதினோம். அது நம் ஆக்கமன்று. ஈழத்தமிழர் நாள்தோறும் வழங்கும் சொல். புகையிரதக் கடவை என்றும், பாதுகாப்பற்ற கடவை என்றும் அங்குள்ள செய்தித்தாள்கள் இயல்பாக எழுதுகின்றன. விரைவு வண்டியை அவர்கள் கடுகதி என்பர். இந்நாட்டுத் தமிழர் சிலருக்கு அச்சொற்கள் கேட்டற்குப் புதுமையாகத் தோன்றலாம். அரசு அலுவலிலும் நிலையப் பலகையிலும் அவை இடையறாது வழங்கி வந்தமையால் அங்கே அவை பழஞ்சொற்கள். கடல் கடந்தால் கிடைக்கும் சரக்கை நாம் இறக்குமதி செய்யாதது ஏனோ?

2023-ஆம் ஆண்டு சூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பாலேசுவரம் அருகே சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி, நேர்த்தடத்தில் செல்வதற்கு மாறாக 'லூப் லைன்' எனப்படும் தடத்துள் புகுந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கைகாட்டிச் சுற்றமைப்பில் நேர்ந்த பிழையே காரணம் என்று ஆய்வில் வெளிப்பட்டது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் கவரைப்பேட்டையிலும் விரைவு வண்டியொன்று இதே வகையில் ஒதுக்குத் தடத்துள் நுழைந்து சரக்கு வண்டியில் மோதிற்று. நல்வினைப் பயனாக உயிரிழப்பு இல்லை. இரு முறையும் தமிழ்ச் செய்திகளில் லூப் லைன், பாயின்ட், இன்டர்லாக்கிங் என்னும் சொற்கள் மழையாகப் பொழிந்தன. உற்றாரைத் தேடித் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த குடும்பங்களுக்கு அம்மழையில் ஒரு துளியும் தொண்டையை நனைத்திராது.

லூப் லைன் என்பது அறியவொண்ணாத ஒன்றா? தளேகாவில் உள்ளூர் வண்டியில் அமர்ந்திருக்கும் நாம், பின்னே வரும் விரைவு வண்டிக்கு வழிவிட்டு நம் வண்டி ஓரமாக ஒதுங்கி நிற்கக் கண்டதில்லையா? அவ்வாறு நிற்கும் தடமே அது. ஒதுங்கு தடம் என்று சொன்னால் பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். விளங்கவே, நேர்த்தடத்தில் செல்ல வேண்டிய வண்டி ஒதுங்கு தடத்தில் ஏன் சென்றது என்னும் வினா தானே எழும். வினா எழுவதை விரும்பாதவர்க்குத்தான் விளங்காத சொல் வசதியானது.

சொல்லாக்கம் நம் நாட்டில் நடவாமல் இல்லை. இராசாசியும் அவர் நண்பரும் 1916-இல் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கெனவே ஒரு கழகம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938-இல் ஏறத்தாழ பத்தாயிரம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர். அப்பெருமக்களின் உழைப்பை வணங்குகின்றோம். ஆயின் அவர்கள் கண்முன் இருந்தது பள்ளிக்கூடம். கணக்கும் வேதியியலும் பயிரியலும் மாணவனுக்குத் தமிழில் கிட்டவேண்டும் என்பதே நோக்கம். பொன்மலைப் பணிமனையின் வாயிலில் போய் நின்று, "இதனை நீங்கள் என்னவென்று சொல்கின்றீர்?" என்று கேட்பது அத்திட்டத்தில் இல்லை. பின்னர் வந்த குழுக்களும் பெரும்பாலும் அகராதியிலிருந்து அகராதிக்கே நடந்தன.

மேலிருந்து இறங்கும் சொல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு நாம் வாழும் இம்மராத்திய மண்ணிலேயே சான்றுண்டு. சிவாசி மன்னர் தம் ஆட்சியில் பாரசீகச் சொற்களை நீக்க எண்ணி, 'இராசவியவகாரகோசம்' என்னும் சொற்கோவையைத் தொகுப்பித்தார். ஏறத்தாழ 1,400 சொற்களுக்கு வடமொழி நிகர் தரப்பெற்றது. மன்னரின் ஆணை, அறிஞரின் உழைப்பு, இரண்டும் சேர்ந்தும் எத்தனையோ பாரசீகச் சொற்கள் இன்றளவும் மராத்தியர் வாயில் உலவுகின்றன. அம்முயற்சி பழுது என்று கூறோம்; ஆட்சிக்கு அது ஒரு தலைநிமிர்வைத் தந்தது. மக்கள் நாவை மன்னரும் முழுதாக ஆளமுடியாது என்பதே நாம் கொள்ளும் பாடம்.

ஆயின் எச்சொல் வாழ்கின்றது? நம் காலத்தில் வென்ற சொற்களைப் பாருங்கள். நடைமேடை வென்றது. எவ்வாறு? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி நாளும் பொழுதும் கூவிக் கூவி அதனை நம் செவியில் ஏற்றியது. அபாயச் சங்கிலி வென்றது. அஃது அச்சிடப்பெற்று ஒவ்வொரு பெட்டியிலும் கண்முன் தொங்கிற்று. முன்பதிவு வென்றது, முன்பதிவு கிட்டாதோர் புலம்பலும் சேர்ந்து அதனை வளர்த்தது. அகலப் பாதை என்னும் சொல்லின் வெற்றி இன்னும் சுவையானது. 1,676 மில்லிமீட்டர் இடைவெளி, 1,000 மில்லிமீட்டர் இடைவெளி என்னும் கணக்கைப் பொறியாளர் வைத்துக்கொள்ளட்டும். "எங்கள் ஊருக்கு அகலப் பாதை வேண்டும்" என்று வணிகரும் உழவரும் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தனர், மறியல் செய்தனர். 1992-இல் ஒரே அகலத் திட்டம் தொடங்கிய பின் அச்சொல் ஊர்தோறும் ஒலித்தது. கேட்கவேண்டிய தேவை இருந்தது. கேட்பதற்குத் தமிழ் கைகொடுத்தது. தேவையும் வழக்கும் கூடினாலன்றிச் சொல் உயிர்பெறாது. தேவை நமக்கு உண்டு என்பதைச் செம்மங்குப்பம் காட்டிவிட்டது.

கல்லக்குடியை நாம் மறந்தோமல்லோம். 1953-இல் ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகைக்காகத் தமிழர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். அத்தகைய உணர்ச்சி படைத்த இனம், பலகைக்குக் கீழே கிடக்கும் சிலிப்பர் கட்டையின் பெயரைப் பற்றி இத்துணைக் காலம் கவலையுறாதது எவ்வாறு? கட்டை என்பது அன்று மெய்யாகவே கட்டை. பின்னர் இரும்பாயிற்று, இன்று பெரும்பாலும் கற்காரை வார்ப்பு. "மரமில்லாததைக் கட்டை என்னலாமா?" என்று ஒரு புலவர் இனிக் கிளம்புவார். அவரை மீண்டும் அந்தப் புகைவண்டி வழக்கிலேயே கொண்டுபோய் அமர்த்திவிடுக. குறுக்குக்கட்டை என்போம், தூங்கும் பெட்டிக்கும் தூங்காத கட்டைக்கும் ஒரே பெயர் வைத்து இடர்ப்படும் ஆங்கிலத்தைக் காட்டிலும் அது தெளிவாகவே இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து இத்துணைத் தொலைவில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் எண்ணலாம். நமக்கே மிகுதியான பங்கு. நம் பிள்ளைகள் மராத்தியில் விளையாடி, ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சாப்பிடுகின்றனர். அவர்கள் அறிந்த தமிழ் அடுக்களையைத் தாண்டுவதில்லை. கரண்டிக்கும் குழம்புக்கும் பெயருள்ள மொழி, கொக்கிக்கும் அச்சுக்கும் பெயரில்லாத மொழி என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால் குற்றம் அவர்களுடையதன்று. ரயில்வே வேலைக்கான தேர்வுகளை இன்று தமிழிலும் எழுதலாம். அவ்வினாத்தாளில் காணும் சொல் நம் மைந்தனுக்கு வேற்றுமொழியினும் வேற்றாகத் தோன்றுமானால் அவ்வுரிமையால் யாது பயன்?

மற்றும் ஒன்று. இங்கே நம்மிடையே பழைய உழைப்பாளிகள் இருக்கின்றனர். தளேகாவிலும் தேகு ரோட்டிலும் சிஞ்ச்வடிலும் ஓய்வூதியத்தோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுள் பணிமனையில் சுத்தி பிடித்தவர் உண்டு; தடத்தில் சல்லி அடித்தவர் உண்டு; கார்டாக வந்தவரும் உண்டு. தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் நான்கும் கலந்த ஒரு தொழில்மொழி அவர்கள் நாவில் உறங்குகின்றது. மேடையில் அவர்களை ஏற்றிப் பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமை தீர்ந்ததாக எண்ணுகின்றோம். பொன்னாடையை மடித்து வையுங்கள். ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அவர்கள் முன் அமருங்கள். கல்லூரியில் படிக்கும் பெண்ணும் பையனும் தம் பாட்டனிடம், "தாத்தா, வண்டியை வண்டியோடு கோக்கும்போது நீங்கள் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூவிக்கொள்வீர்கள்?" என்று கேட்கட்டும். தூயசொல்லா, கலப்புச்சொல்லா என்று எழுதும்போதே தரம் பிரிக்கவேண்டா. கேட்டபடி எழுதுக, எந்தப் பணிமனை, எந்தப் பகுதி, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் குறிக்க. பிரித்தெடுக்கும் வேலை பின்னர்.

தொடக்கமாக ஒரே ஒரு வினாவை இம்மலர் வாயிலாக விடுக்கின்றோம். போர்க் கணவாயில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம். மும்பையினின்று வரும் பெரும்பாலான நெடுந்தொலைவு வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்புறமாக எஞ்சின்களைப் பூட்டி லோணாவளா வரை தள்ளிக்கொண்டு வருகின்றனர். அவ்வெஞ்சினை ஆங்கிலத்தார் பேங்கர் என்பர். வங்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை; பேங்க் என்பது மேட்டையும் சரிவையும் குறிப்பது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் நம்முள் பலர் அதனைக் கண்டும், அதன் உந்துதலை முதுகில் உணர்ந்தும் இருக்கின்றோம். தமிழில் அதற்கு என்ன பெயர் சொல்லக் கேட்டீர்? உந்து எஞ்சின், தள்ளு எஞ்சின் என்னும் இரண்டும் எங்கள் குறிப்பேட்டில் ஏறியுள்ளன. இரண்டும் எங்கள் ஆக்கம். அம்மலைச்சரிவில் வேலை பார்த்த தமிழர் எவரேனும் வழங்கிய மூன்றாவது சொல் ஒன்று இருக்குமாயின், சங்கச் செயலருக்கு எழுதுக. எங்கள் இரண்டையும் அடித்துவிட்டு அதனை முதலில் அச்சிடுவோம்.